சர்வர் படுக்கும் முன்பே தெரிய வேண்டும்

கேள்வி: ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று உபுண்டு சர்வர், டேலிக்காக ஒரு விண்டோஸ் சர்வர் இருக்கின்றன. கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தால்தான் சர்வர் படுத்தது எங்களுக்கே தெரிகிறது. ஓப்பன் சோர்ஸில் கண்காணிப்பு அமைக்க எதைப் போடலாம்?
வாசகர், ஆம்பூர்

பதில்: ப்ரொமீதியஸ் போடுங்கள். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. ஜாபிக்ஸும் நல்ல கருவிதான். ஆனால் அதற்கென ஒரு டேட்டாபேஸைத் தனியாக வைத்துப் பராமரிக்க வேண்டும். நாலு சர்வருக்கு அது வீண் சுமை.

வீடு வீடாக வந்து மின் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறார்களே, ப்ரொமீதியஸின் வேலையும் அதுதான். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன நிரல் சிபியு, நினைவகம், டிஸ்க் கணக்குகளை ஒரு பக்கத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். ப்ரொமீதியஸ் 15 விநாடிக்கு ஒருமுறை வந்து படித்துச் செல்லும். கதவு பூட்டியிருந்தால், அதாவது சர்வர் பதில் தரவில்லை என்றால், அதையும் ‘அப்’ என்ற கணக்கில் 0 என்று குறித்துக்கொள்ளும்.

லினக்ஸ் சர்வர்களில் அந்தச் சின்ன நிரலாக நோட் எக்ஸ்போர்ட்டரை நிறுவுங்கள். உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். அதன் போர்ட் 9100. விண்டோஸுக்கு விண்டோஸ் எக்ஸ்போர்ட்டர், போர்ட் 9182. இவை யார் கேட்டாலும் கடவுச்சொல் கேட்காமல் விவரம் சொல்லிவிடும் என்பதால், ஃபயர்வாலில் கண்காணிப்புக் கணினியின் ஐபி முகவரிக்கு மட்டும் இந்தப் போர்ட்களைத் திறங்கள். இன்டர்நெட் பக்கம் ஒருபோதும் திறக்காதீர்கள்.

கண்காணிப்புக்கென ஒதுக்கிய தனிக் கணினியில் ப்ரொமீதியஸும் (போர்ட் 9090) எச்சரிக்கைச் செய்திகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரும் (போர்ட் 9093) நிறுவி, நாலு முகவரிகளையும் ப்ரொமீதியஸின் யாம்ல் வடிவ அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். யாம்ல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் விசை ஆகாது, ஸ்பேஸ் மட்டுமே. ஒரு டேப் இருந்தாலும் ப்ரொமீதியஸ் கிளம்பாது. திருத்திய ஒவ்வொரு முறையும் கூடவே வரும் ப்ராம்டூலால் கோப்பைச் சோதித்துவிட்டு ரீலோட் கொடுங்கள்.

எச்சரிக்கை விதிகள் முதலில் மூன்று போதும். ‘அப்’ 2 நிமிடம் தொடர்ந்து 0ஆக இருப்பது ஒன்று. அந்த 2 நிமிடக் காத்திருப்பை விட்டுவிட்டால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் போன் அலறும். இரண்டாவது, நினைவகத்தில் ‘அவெய்லபிள்’ 10 சதவீதத்துக்குக் கீழே போவது. மூன்றாவது டிஸ்க். இதற்கு ‘ப்ரெடிக்ட் லீனியர்’ என்ற சார்பு இருக்கிறது. கடந்த 6 மணி நேரப் போக்கை வைத்து, அடுத்த 24 மணி நேரத்தில் டிஸ்க் நிறைந்துவிடுமா என்று கணித்துச் சொல்லும். ஆனால் இரவு பேக்கப் ஓடும்போது டிஸ்க் சரசரவென்று நிறைவதைப் பார்த்துப் பொய் எச்சரிக்கை அடிக்கும். ‘காலியிடம் 20 சதவீதத்துக்குக் கீழே’ என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

செய்தியை டெலிகிராமுக்கு அனுப்ப அலர்ட்மேனேஜர் 0.24 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். உபுண்டு 22.04 களஞ்சியத்தில் இருப்பது அதற்கு முந்தையது, புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். குழுவுக்கு அனுப்புவதானால் குழு எண் மைனஸ் குறியோடு தொடங்கும். அந்தக் குறியை விட்டுவிட்டு ‘செய்தியே வரவில்லை’ என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சர்வரில் நோட் எக்ஸ்போர்ட்டரை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். செய்தி போனுக்கு வந்து சேர்ந்தால்தான் வேலை முடிந்தது. கிராஃபானாவின் வரைபடங்களை அதற்குப் பிறகு அமைக்கலாம். அழகான திரைதான், ஆனால் நடுராத்திரி 2 மணிக்கு அதை யார் உட்கார்ந்து பார்ப்பது?

இன்னொன்றையும் விடாதீர்கள். கண்காணிக்கும் கணினியே படுத்தால் யார் சொல்வது? வேறு கட்டடத்தில், அல்லது வாடகைக்கு எடுத்த சிறிய கிளவுட் சர்வரில், அப்டைம் கூமா என்ற கருவியை வையுங்கள். அதில் ‘புஷ்’ வகைக் கண்காணிப்பு ஒன்றை உருவாக்கினால் ஒரு முகவரி தரும். உங்கள் ப்ரொமீதியஸ் கணினி நிமிடத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான் வழியாக அந்த முகவரியைத் தட்ட வேண்டும். தட்டல் நின்றால் கூமா கூப்பிடும். அலுவலக இன்டர்நெட் போனாலும் இதனால் தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய 4 ஜிபி ரேம் கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. ஆறு சர்வரைக் கண்காணிக்க அது தாங்குமா? டிஸ்க் எவ்வளவு வேண்டும்?
வாசகர், காட்பாடி

பதில்: தாராளமாகத் தாங்கும். ஒரு சர்வர் ஏறத்தாழ 1,000 கணக்குகள் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கும் சேர்த்து 6,000. அதை 15 விநாடிக்கு ஒருமுறை எடுத்தால் விநாடிக்கு 400 பதிவு, நாளுக்கு சுமார் 3.5 கோடி. ப்ரொமீதியஸ் ஒரு பதிவுக்கு 1 முதல் 2 பைட் எடுத்துக்கொள்ளும். 2 பைட் என்றே வைத்தாலும் நாளுக்கு 70 எம்பி, 90 நாளுக்கு 6.3 ஜிபி. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 15 நாள் தரவை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். 90 நாள் வேண்டுமென்றால் தொடக்க வரியில் ‘ரிடென்ஷன் டைம்’ அளவை மாற்றுங்கள். கிடக்கிற கணினியின் ஹார்ட் டிஸ்க் ரொம்பப் பழசாக இருந்தால் அதை மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டியாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே தெரிவதில்லை. சில சமயம் சர்வர் பட்டென்று அணைந்துவிடுகிறது. இதையும் கண்காணிக்க முடியுமா?
வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் யூபிஎஸ்ஸின் பின்புறம் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சர்வரோடு இணைத்து, ‘நட்’ எனப்படும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸை நிறுவுங்கள். ‘ஓஎல்’ என்றால் மின்சாரம் வருகிறது, ‘ஓபி’ என்றால் பேட்டரியில் ஓடுகிறது, ‘எல்பி’ என்றால் பேட்டரி தீரப்போகிறது. பேட்டரியில் ஓடும்போது எல்பியும் வந்துவிட்டால் நட் சர்வரை முறையாக அணைக்கும்.

பழைய பேட்டரியில்தான் சிக்கல். எல்பி என்று சொல்வதற்குள் அது செத்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் ‘பட்டென்று அணைவது’ பெரும்பாலும் இதுதான். பேட்டரிக்கு மாறி 5 நிமிடம் ஆனதுமே அணைக்கும்படி நட்டில் வைத்துவிடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி வெயிலுக்கு ஆகாது. 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும். நம் பக்கத்துக் கோடையில் ஏசி இல்லாத அறையில் யூபிஎஸ்ஸை வைத்தால், கம்பெனி சொல்லும் ஆண்டுக் கணக்கை நம்ப முடியாது. மோடத்துக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் இணைப்புக் கொடுக்க மறக்காதீர்கள். அவை அணைந்தால் எச்சரிக்கை வெளியே போகவே வழியில்லை.

கேள்வி: கத்திரி வெயிலில் சர்வர் அறை ஏசி நின்றுபோனால் உடனே தெரிய வேண்டும். தனியாக சென்சார் வாங்க வேண்டுமா?
வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நோட் எக்ஸ்போர்ட்டரே மதர்போர்டு, சிபியு வெப்பநிலையைத் தருகிறது. லினக்ஸில் சென்சார்களைப் படிக்கும் எல்எம் சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள ‘சென்சார்ஸ் டிடெக்ட்’ கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் இது வராது. அதைத் தாங்கும் அசல் இயந்திரத்தில்தான் பார்க்க வேண்டும். சிபியு சூடு வேலைப்பளுவோடு ஏறி இறங்கும் என்பதால் அதை நம்பி ஏசியைக் கணிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் சூடு நிதானமாக நகரும். அறைச் சூட்டுக்கு அதுவே நல்ல சாட்சி. 50 டிகிரியில் எச்சரிக்கை வையுங்கள். அதோடு ‘அரை மணி நேரத்தில் 5 டிகிரி ஏறினால்’ என்றும் ஒரு விதி எழுதுங்கள். ஏசி நின்றதைப் பெரும்பாலும் இரண்டாவது விதிதான் முதலில் பிடிக்கும்.

கேள்வி: டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. 40 ஜிபி லாக் கோப்பை அழித்தேன். ஆனாலும் இடம் காலியாகவில்லை.
வாசகர், திருப்பத்தூர்

பதில்: அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது விடும்வரை லினக்ஸ் இடத்தைத் திருப்பித் தராது. அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அடுத்த முறை அழிக்காமல், ‘ட்ரன்கேட்’ கட்டளையால் கோப்பின் அளவை 0 ஆக்குங்கள். பழைய லாக் கோப்புகளைத் தானாகவே சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டையும் அமைத்துவிடுங்கள்.