கமலா ஆரஞ்சு ஏன் புளித்தது?

அண்ணே,
கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆறு வருஷத்துக்கு முன் ஒட்டுக் கமலா ஆரஞ்சுக் கன்று வைத்தோம். இப்போதுதான் காய்த்திருக்கிறது. நல்ல ஆரஞ்சு நிறம், தோலும் கமலா போலக் கழன்று வருகிறது. வாயில் போட்டால் எலுமிச்சை தோற்றது! பக்கத்தில் எலுமிச்சை மரம் நிற்பதால் வந்த வினை என்கிறார் அப்பத்தா. அப்படியும் நடக்குமா?
ஒரு வாசகி

தங்கச்சி,
எலுமிச்சையின் மேல் பழி போடாதீர்கள். பக்கத்து மரத்து மகரந்தம் விதைக்குள் இருக்கும் பிள்ளையைத்தான் மாற்றும், சுளை தாய்மரத்தின் சொத்து, அதன் ருசி அப்படி மாறாது.

எனக்கென்னவோ மேலே வைத்த கமலா ஒட்டு எப்போதோ பட்டுப்போய், கீழே இருந்த வேர்ச்செடி துளிர்த்து மரமாகிவிட்டது என்றுதான் படுகிறது. அடித்தண்டில் ஒட்டுப் போட்ட தழும்பு இருக்கும். இப்போது நிற்கிற கிளை அதற்குக் கீழேயிருந்து கிளம்பியதா என்று பாருங்கள். நம் நாட்டில் ரங்பூர் லைம் என்ற செடியை வேருக்கு நிறையப் பயன்படுத்துவார்கள். பெயரில்தான் லைம், அது மாண்டரினுக்கும் சிட்ரான் என்ற தடித்த தோல் பழத்துக்கும் பிறந்த பிள்ளை. கமலா என்பது மாண்டரின்தானே, அதனால்தான் நிறமும் கழலும் தோலும் அந்த வீட்டுச் சாயலில் வந்து உங்களை ஏமாற்றியிருக்கின்றன.

கமலா ஏதோ ஆரஞ்சில் ஒரு வகை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உறவு தலைகீழ். மாண்டரின், பம்பளிமாஸ், சிட்ரான் மூன்றும்தான் இந்தக் குடும்பத்தில் முக்கியமான மூத்த தலைக்கட்டுகள். பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்து வந்ததுதான் ஆரஞ்சு, நம் சாத்துக்குடியும் அதில் சேர்த்தி. புளிப்பு ஆரஞ்சுக்கும் அதே இரண்டு பேர்தான் பெற்றோர். அது சிட்ரானோடு சேர்ந்து பெற்றது லெமன், அதாவது சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சளாக, நீளமாக விற்கிறார்களே, அது. இதையெல்லாம் மரபணுவை வைத்தே பார்த்துவிட்டார்கள், 2018இல் வந்த பெரிய ஆய்வு இவற்றின் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரப் பக்கம் என்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அப்பத்தா குற்றம் சாட்டுகிற நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையில் மாண்டரின் ரத்தமே கிடையாது. அது சிட்ரானுக்கும் மிக்ராந்தா என்ற காட்டுச் செடிக்கும் பிறந்தது. உங்கள் மரத்துக்குச் சிட்ரான் வழியில் பங்காளி, அவ்வளவுதான்.

மரத்தை வெட்டிவிடாதீர்கள். நாரத்தங்காய்க்குச் செய்வது போலச் சுருள அரிந்து, கல்லுப்பு அடைத்து ஜாடியில் போட்டு, பிறகு வெயிலில் காயவைத்துப் பாருங்கள். அப்புறம் அப்பத்தாவுக்குத் தயிர்ச்சோற்றோடு ஒரு துண்டு வைத்துவிட்டு எழுதுங்கள்.