ஜனவரி 30: மொட்டை மாடியில் பீட்டில்ஸ் (கேள்வி பதில்)

கேள்வி: மேற்கத்திய ஜனரஞ்சக இசை வரலாற்றில் ஜனவரி 30ஆம் தேதிக்கு என்ன சிறப்பு?

பதில்: 1969ஆம் ஆண்டு அதே நாளில், லண்டன் சவில் ரோ தெருவிலுள்ள தங்கள் சொந்த நிறுவனமான ஆப்பிளின் (கணினி நிறுவனம் அல்ல) கட்டடத்தின் மொட்டை மாடியில், பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் முன்னறிவிப்பின்றி ஏறத்தாழ 42 நிமிடங்கள் வாசித்தார்கள். 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு சுற்றுப்பயணங்களைக் கைவிட்டிருந்த அந்த நால்வரும் பொதுவெளியில் சேர்ந்து வாசித்தது அதுவே கடைசி முறை.

கேள்வி: அரங்கத்தை விட்டு மாடிக்கு ஏறியது விளம்பரத்துக்காகவா?

பதில்: அப்படிச் சொல்வது பொருந்தாது. அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே அவர்களுடைய ஒத்திகைகளை இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் படம்பிடித்து வந்தார். படத்தின் உச்சக்கட்டமாக ஒரு கச்சேரி தேவைப்பட்டது. வட ஆப்பிரிக்காவின் பழைய ரோமானிய அரங்கம், கப்பல் என்றெல்லாம் பேசியும் உடன்பாடு ஏற்படாததால், இருந்த இடத்திலேயே கிடைத்த மாடி மேடையாயிற்று.

கேள்வி: கடுங்குளிரில், திறந்தவெளியில் ஒலிப்பதிவு எப்படிச் சாத்தியமாயிற்று?

பதில்: அந்த நாளைப் பற்றிய செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மைக்குகளில் காற்று மோதி எழும் இரைச்சலைத் தடுப்பதற்காக, அப்போது உதவி ஒலிப்பதிவாளராக இருந்த ஆலன் பார்சன்ஸ், பெண்கள் அணியும் மெல்லிய காலுறைகளைக் கடையில் வாங்கி வந்தார். அவற்றை மைக்குகளின் மேல் மாட்டினார்கள். மாடியிலிருந்து கீழே இழுத்த கம்பிகள் வழியாக ஒலி அடித்தளத்திலிருந்த எட்டுத்தட (எட்டு ஒலிகளைத் தனித்தனியே பதியும்) ஒலிப்பதிவுக் கருவிகளுக்குச் சென்றது. குளிரைத் தாங்க, குழுவின் ஜான் லெனன் தம் துணைவி யோகோ ஓனோவின் மேலங்கியையும், ரிங்கோ ஸ்டார் தம் மனைவியின் சிவப்புக் கோட்டையும் அணிந்துகொண்டார்கள். இத்தனை இடையூறுகளுக்கு நடுவே பதிவானவற்றில் மூன்று பாடல்கள், 1970இல் வெளிவந்த 'லெட் இட் பி' இசைத்தட்டில் இடம்பெறும் அளவுக்குத் தரமாக அமைந்தன என்பதே அவர்களுடைய வாசிப்பின் உறுதிக்குச் சான்று.

கேள்வி: அந்த நால்வரோடு மாடியில் மின்பியானோ வாசித்தவர் யார்?

பதில்: அமெரிக்கக் கலைஞர் பில்லி பிரெஸ்டன்.

கேள்வி: போலீஸார் கைது செய்தார்களா?

பதில்: இல்லை. இரைச்சல் குறித்து அக்கம்பக்கத்தார் புகார் செய்ததால் காவலர்கள் மாடிக்கு வந்தார்கள். உதவியாளர் மால் எவன்ஸ் கிதார் ஒலிபெருக்கிகளை அணைத்தபோதிலும், குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தம்முடையதை மீண்டும் இயக்கினார். கடைசிப் பாடலை முழுவதும் வாசித்து முடித்த பிறகே நிறுத்தினார்கள்.

கேள்வி: பிரியப்போகிறோம் என்று தெரிந்தே வாசித்தார்களா?

பதில்: அந்த எண்ணம் பிற்காலத்தவர் ஏற்றிச் சொன்னது என்றே கருதுகிறேன். மறுநாளே அதே கட்டடத்தின் அடித்தளத்தில் ஒலிப்பதிவைத் தொடர்ந்தார்கள். அந்தக் கோடையில் 'ஆபி ரோடு' இசைத்தட்டை உருவாக்கி முடித்தார்கள். பிரிவுச் செய்தி வெளியானது 1970 ஏப்ரலில்தான்.

கேள்வி: இதே தேதியில் குறிப்பிடத்தக்க வேறு நிகழ்ச்சி உண்டா?

பதில்: உண்டு. 1956 ஜனவரி 30 அன்று, கார்ல் பெர்கின்ஸ் எழுதிப் பாடிய 'புளூ ஸ்வீட் ஷூஸ்' பாடலை எல்விஸ் பிரெஸ்லி நியூயார்க்கில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிப் பதிவு செய்தார்.