கேள்வி-பதில்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்

கேள்வி: ஹாரோவில் இருக்கிறேன். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்துக்கு வந்த காலம் தொட்டு, கூரை திறக்கிற எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்க ஆசை. 1972 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. குரோம் பம்பர், புது சிவப்புப் பெயின்ட். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எடுத்துவிடுகிறது. வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எம்ஜிபியில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியது எஞ்சின்தான். அந்த 1798 சிசி எஞ்சின் நன்றாக உழைக்கும், கெட்டாலும் சரிபண்ணிக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் என்பதால் உதிரி பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. பணத்தை விழுங்குவது பாடி.

இந்தக் காருக்குத் தனியாக சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற சில் என்ற பெட்டித் தகடுதான் பாரத்தைப் பெருமளவு தாங்குகிறது. அதன் உள்தகடு அரித்துப்போயிருக்கும்போதே, மேலே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்துப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். இரண்டு பக்க சில்லையும் முறையாக மாற்ற ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும்.

பார்க்கப் போகும்போது மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். சில், பின்சக்கர வளைவு, முன் மட்கார்டின் மேல்பகுதி எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து கதவின் இடைவெளி. மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே இறுகிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. உரிமையாளர் சம்மதித்தால் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லி, அப்போது கதவைத் திறந்து மூடுங்கள். கதவு மாட்டிக்கொண்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள், பேரமே வேண்டாம். கதவில் முன்பக்க முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்ஜிபியில் வழக்கமாக விரிசல் விடும் இடம் அது. புதுப் பெயின்டிலும் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும்.

நீங்கள் போகிற வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைக்கும். கம்பிச் சக்கரம் என்றால், மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்து, பின்னால் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘டொக்’ என்று கேட்டால் சக்கரம் மாட்டும் பற்கள் தேய்ந்திருக்கலாம்.

சிவப்புப் பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. பெயின்டுக்கு அடியில் என்ன வேலை நடந்தது என்பதற்குப் புகைப்படமும் ரசீதும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர்கள் ஆல்பமே வைத்திருப்பார்கள். விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988 முதல் எம்ஜிபிக்குப் புது பாடியே செய்து தருகிறது. அது போட்ட கார் என்றால் ரசீது இருக்க வேண்டும். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் கட்டி ஹெரிட்டேஜ் சர்டிஃபிகேட் வாங்கினால், தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் கார் என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் தெரிந்துவிடும். எம்ஜிபிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போயின. கலிஃபோர்னியா மாதிரி வறண்ட இடத்திலிருந்து திரும்பி வந்த காரை நான் குறையாக நினைக்க மாட்டேன். மழையிலும் குளிர்கால ரோட்டு உப்பிலும் அடிபடாத தகடு அது.

குரோம் பம்பர்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால், 1974 கடைசியில் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் மாடலையும் பாருங்கள். அமெரிக்கச் சட்டத்துக்காக உயரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் இன்றும் குறைப்படுகிறார்கள், அதனாலேயே விலை குறைவு. கூரை மூடிய எம்ஜிபி ஜிடியும் அப்படித்தான். முதல் காருக்கு, அதே விலையில் பூச்சு போட்ட குரோம் காரைவிட உடம்பு கெட்டியான ரப்பர் பம்பர் கார் எவ்வளவோ மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால், முன்பணமாக ஒரு பவுண்டு கொடுப்பதற்கும் முன்னால், கிளப்பில் சேருங்கள். கார் வாங்கிய பிறகு சேரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தலைகீழ். எம்ஜி கார் கிளப் 1930-ல் தொடங்கியது, தலைமையகம் ஆபிங்டனில் கிம்பர் ஹவுஸ். உங்கள் பகுதிக் கிளையில் போய்க் கேட்டால், இருபது முப்பது வருடம் இதே காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர் யாராவது கூட வந்து பார்க்கிறேன் என்பார். அந்தக் கண்ணுக்கு ஈடாக எந்தப் புத்தகமும் இல்லை.

கேள்வி: நாற்பது வருடக் காருக்கு எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வேண்டாம், வரி வேண்டாம், அதனால் பேப்பர் எதுவும் பார்க்கத் தேவையில்லை என்கிறார் விற்பவர். சரியா? (லெஸ்டர்)

பதில்: முதல் இரண்டும் ஏறக்குறைய சரி. மூன்றாவது தவறு. நாற்பது வயது தாண்டிய, கடந்த முப்பது ஆண்டில் பெரிய மாற்றம் செய்யாத காருக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயமில்லை. வரி பூஜ்யம், ஆனால் ‘ஹிஸ்டாரிக்’ வகைக்கு மாற்றி, வருடாவருடம் வரிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வகையில் இருந்தால் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. ஆனால் ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு, எம்ஓடி விலக்கு அதில் உதவாது. அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பழைய எம்ஓடி வரலாற்றை இலவசமாகப் பாருங்கள். ‘சில் அரிப்பு’ என்று ஒரு வருடம் பதிவாகி, அதன்பின் எம்ஓடியே எடுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். வி5சி என்ற வண்டிப் பதிவுச் சான்றில் இருப்பது வண்டியை வைத்திருப்பவராகப் பதிவானவர் பெயர்தான், உரிமைக்கு அது ஆதாரமில்லை. வாங்கிய ரசீதையும் கேளுங்கள். பின்னர் நீங்களே விரும்பி வருடத்துக்கு ஒரு எம்ஓடி எடுங்கள். சின்னச் செலவு, உயிர் பத்திரம்.

கேள்வி: டீலரிடமா, தனியாரிடமா, ஏலத்திலா, எங்கே வாங்கினால் பாதுகாப்பு?

பதில்: சட்டப்படி டீலர்தான். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறை தெரிந்தால் முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம். ‘பார்த்தபடி விற்றது’ என்று டீலர் எழுதி வாங்கினாலும் அந்த உரிமை போகாது. ஆனால் ஐம்பது வருடக் காரிடம் புதுக் காரின் தரத்தைச் சட்டமும் எதிர்பார்க்காது. முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். காரின் விலை 30,000 பவுண்டுக்குள் இருந்தால், விற்பவர் ஏமாற்றும்போது முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனத்திடம் கோரிக்கை வைக்கலாம். தனியாரிடம் வாங்கினால், அவர் சொன்னபடி கார் இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அவர் எழுதிய விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். போன் செய்யும்போது “கார் விஷயமாகப் பேசுகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். “எந்தக் கார்?” என்று திருப்பிக் கேட்டால், தனியார் வேஷத்தில் இருக்கும் டீலராக இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் கலந்துகொள்ளும் ஏலத்தில் பழைய காருக்கு இந்தத் தர உரிமைகள் பொருந்தா. முதல் காரை அங்கே வாங்காதீர்கள்.

கேள்வி: கிளப் என்றால் வயதான வெள்ளைக்காரர்கள் பப்பில் கூடுவதுதானே. நான் குடிப்பதில்லை, ஸ்பேனர் பிடித்ததும் இல்லை. அங்கே எனக்கு என்ன வேலை? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

பதில்: வயதானவர்கள் அதிகம் என்பது உண்மை. அதனாலேயே புதியவர் வந்தால் மனதார வரவேற்பார்கள். தங்களுக்குப் பிறகு இந்தக் கார்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை அவர்களுக்குள் இருக்கிறது. மாதாந்திரக் கூட்டம் பப்பில்தான் நடக்கும், ஆனால் பலர் முன்னால் காபியோ எலுமிச்சை சோடாவோதான் இருக்கும், வந்த காரை ஓட்டித் திரும்ப வேண்டுமே. வெயில் காலத்தில் பேச்சு முழுக்க கார் நிறுத்தும் இடத்தில்தான். ஒருவர் பானெட்டைத் திறந்தால் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்யு கார்புரேட்டர் இரண்டையும் எப்படிச் சமன் செய்வது என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் காற்று நுழைகிற வாயில் பிடித்து, இரண்டும் ஒரே மாதிரி சீறுகின்றனவா என்று கேட்கச் சொல்லித் தருவார்கள். சில கிளைகள் பட்டறை நாள் வைக்கும். ஏப்ரலில் ‘டிரைவ் இட் டே’ அன்று நாடு முழுவதும் பழைய கார்கள் ரோட்டுக்கு வரும், அன்று போய்ப் பாருங்கள். சொந்தக் கார் இல்லையென்று சொன்னால் யாராவது பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொள்வார்கள்.

கேள்வி: இப்போது பங்கில் கிடைக்கிற, பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாயை அரிக்கும். எத்தனால் குறைவான இ5 சூப்பர் பெட்ரோல் போடுங்கள், குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். சிலிண்டர் ஹெட்டில், ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கெட்டியான வால்வ் சீட் போட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் பழைய பெட்ரோலில் இருந்த ஈயத்துக்கு மாற்றான திரவத்தை ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் கலக்க வேண்டியிருக்கும்.