காஸ்மோநாட்டில் வீரம் எங்கே?

கேள்வி: ரஷ்யாவில் விண்வெளி வீரரைக் 'காஸ்மோநாட்' என்கிறார்கள். ரஷ்ய உச்சரிப்பில் கடைசித் துண்டு 'நாவ்த்' என்று வருகிறதாம். இது நம் 'நாவாய்' அல்லாமல் வேறென்ன? இதை ஏன் எல்லோரும் மறைக்கிறீர்கள்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: மறைத்து வைக்கும் அளவுக்கு எங்கள் அலுவலகத்தில் இடம் இல்லை ஐயா. பழைய இதழ்களுக்கே இடம் போதவில்லை.

அந்தச் சொல்லின் இரண்டு துண்டும் கிரேக்கம். 'காஸ்மோஸ்' என்றால் ஒழுங்கு, அலங்காரம். சீராக அமைந்த பேரண்டம் என்ற பொருள் அதன்மேல் ஏறியது. உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் இருக்கும் பவுடரையும் க்ரீமையும் 'காஸ்மெட்டிக்' என்று கடைக்காரர் சொல்வதும் அந்தச் சொல்லால்தான். 'நௌட்டேஸ்' என்றால் கப்பலோட்டி. ஆகவே காஸ்மோநாட் என்பவர் பேரண்டத்தில் கப்பல் ஓட்டுபவர். வீரர் என்று அதில் எந்த மூலையிலும் இல்லை. வீரத்தைச் சேர்த்தது தமிழ்ப் பத்திரிகைகள், எங்களையும் சேர்த்துத்தான். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான தெரெஷ்கோவா 1963இல் போனபோது நமக்கு 'வீராங்கனை' ஆனார்; ரஷ்யர்களுக்கு அவரும் காஸ்மோநாட்தான்.

நீங்கள் கெட்டியாகப் பிடித்திருக்கும் அந்த 'வ்' விஷயத்துக்கு வருவோம். பழைய கிரேக்கத்தில் 'அவு' என்று ஒலித்தது இடைக்காலத்தில், பைசாந்தியப் பேரரசின் காலத்துக்குள், 'அவ்' ஆகிவிட்டது. ரஷ்யர்கள் கிரேக்கத்தைக் கற்றது அந்த வாயிலிருந்து. அதனால்தான் ஆங்கிலத்தில் 'ஆட்டோ' என்பது ரஷ்யனுக்கு 'அவ்தோ'. பஸ்ஸை அவன் 'அவ்தோபுஸ்' என்பான். உங்கள் கணக்குப்படி அந்த பஸ்ஸுக்கும் நாம் உரிமை கொண்டாட வேண்டியிருக்கும்.

நாவாய் சங்கப் பாடல்களில் வருகிற அழகான சொல்தான். ஆனால் கிரேக்கத்தில் கப்பலுக்கு 'நௌஸ்' என்பது ஹோமர் காலத்திலேயே, சங்கத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே உண்டு. வடமொழியில் 'நௌ', லத்தீனில் 'நாவிஸ்' என்று அதற்கு உடன்பிறப்புகளும் இருக்கின்றன. நாவாய் இந்தக் குடும்பத்துக்கு உறவா என்று அறிஞர்கள் வாதாடட்டும். நாவாய்தான் தாய் என்று சொல்ல வெறும் ஓசை ஒற்றுமை போதாது.

அமெரிக்கர்கள் வைத்த 'அஸ்ட்ரோநாட்' என்பதிலும் இதே கப்பலோட்டிதான். காஸ்மோஸுக்குப் பதில் 'ஆஸ்ட்ரான்', அதாவது நட்சத்திரம். நாஸா 1958 டிசம்பரில் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டபோது, அதன் துணைத் தலைவர் ஹியூ டிரைடனுக்குப் பிடித்திருந்தது எது தெரியுமா? காஸ்மோநாட்! போகப்போவது பேரண்டத்துக்குள்தானே, நட்சத்திரத்துக்கு அல்லவே என்றார். நியாயம்தான். நட்சத்திரத்துக்குப் போன அஸ்ட்ரோநாட் இன்றுவரை யாருமில்லை, சந்திரனோடு சரி. டிரைடன் பேச்சு எடுபட்டிருந்தால் ஆர்ம்ஸ்ட்ராங்கும் காஸ்மோநாட் ஆகியிருப்பார். ரஷ்யர்கள் வேறு பெயர் தேடியிருக்க வேண்டும். நம் ராகேஷ் ஷர்மா 1984 ஏப்ரலில் சோவியத் விண்கலமான சோயுஸ் டி-11இல் போனதால், அவர் காஸ்மோநாட் கணக்கில் வருகிறார்.

'ஆர்கோ' என்ற கப்பலில் போனவர்கள் ஆர்கோநாட் என்பது கிரேக்கப் புராணம். 1783இல் பிரான்சில் மனிதர்கள் பலூனில் பறந்த பிறகு பலூன்காரர் 'ஏரோநாட்' ஆனார். அந்த வரிசையில் பிறகு வந்து சேர்ந்தவர்கள்தான் அஸ்ட்ரோநாட்டும் காஸ்மோநாட்டும். ரஷ்ய மொழியில் விண்கலத்துக்குப் பெயரே விண்வெளிக் 'கப்பல்'.

கப்பல் என்றால் கப்பல் நோயும் கூடவே வருமே. ஆங்கிலத்தில் குமட்டலைக் குறிக்கும் 'நாசியா' இதே நௌஸிலிருந்து வந்ததுதான். 1961 ஆகஸ்டில், வஸ்தோக்-2 என்ற சோவியத் விண்கலத்தில் ஒரு நாளுக்கு மேல் பூமியைச் சுற்றிய கெர்மன் டிட்டோவ் அங்கே வாந்தி எடுத்தார். விண்வெளியில் அப்படி அவதிப்பட்ட முதல் மனிதர் அவர். சொல்லின் இரண்டு கிளைகளும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன, பாவம்.

சரி, வீரரை விட்டுவிட்டு 'விண்மாலுமி' என்று எழுதலாமா என்று ஆசிரியர் குழுவில் யோசித்தோம். அகராதியைப் புரட்டினால், மாலுமியே அரபு 'முஅல்லிம்' வழியாகக் கரையேறியவராம். உங்கள் அடுத்த கடிதத்துக்குப் பயந்து அந்த யோசனையைக் கைவிட்டோம்.