அணு ஏன் நிலைத்தன்மையை நோக்கிப் போகிறது? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி நிலைத்தன்மையை, அதாவது ஆற்றல் குறைந்த நிலையைப் பற்றியே.

படிவம் 4 மாணவி: சார், வெளிக்கூட்டில் எட்டு எலெக்ட்ரான் வேணும்னு ஆசைப்பட்டு சோடியம் ஒன்றைக் கொடுக்குதுன்னு எழுதலாமா?

ஆசை என்று எழுதாதேம்மா. சோடியம் தானாக எதையும் கொடுப்பதில்லை. அதனிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) 496 கிலோஜூல் செலவு. குளோரின் அணு அதை வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349தான். இதுவரை 147 நட்டம். ஆனால் இப்படி மின்சுமை பெற்ற அணுக்கள், அதாவது அயனிகள், நெருங்கி அடுக்கடுக்காய்ப் படிகமாகும்போது ஏறக்குறைய 787 வெளிவரும். நட்டம் அடைபட்டு மிச்சமும் நிற்கும். உப்பு உருவாவது அந்த மிச்சத்தால்தான்.

சரி, இரண்டாவது எலெக்ட்ரானையும் பிடுங்கினால் என்ன? அதற்கு 4,562 ஆகும். எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது. முதல் எலெக்ட்ரான் போனபின் வெளிக்கூட்டில் இருப்பது எட்டு, அதனால்தான் கணக்கு எட்டில் நிற்கிறது. எட்டு காரணமல்ல, விளைவு.

அவள் அண்ணன்: ஆற்றல் குறைஞ்சது ஏன் மறுபடி ஏறுறதில்லை?

நல்ல கேள்வி தம்பி, பாடநூல் தாண்டிப் போய்விடும் இடம் இது. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் தனியே மோதினால் பெரும்பாலும் சேராமலே பிரிந்துவிடும். பிணைப்பில் வெளிப்படும் 436 கிலோஜூலை வாங்கிக்கொண்டு போக அங்கே யாரும் இல்லை. பக்கத்தில் மூன்றாவது துகள் ஒன்று இருந்தால் அது அந்த ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஓடும், ஜோடி நிலைக்கும். ஓடியது கோடிக்கணக்கான துகள்களில் வெப்பமாய்ச் சிதறிவிடும். அவ்வளவும் ஒன்றுகூடி அதே பிணைப்புக்குத் திரும்புவது நடக்கக்கூடியதா, சொல்லு.

மந்த வாயு எதோடும் சேராதா?

சேரும். 1962இல் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் செனான் என்ற மந்த வாயுவை வேறு பொருளோடு சேர்த்துக் காட்டினார்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அண்ணன்: ரப்பர் பாலில் ஆசிட் ஊத்தினா கட்டியாகுதே, அதுவும் இதுதானா?

அணுப் பிணைப்பு இல்லை அண்ணே, ஆனால் போக்கு அதேதான். பாலில் ரப்பர் துளிகளின் மேல் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளுவதால் ஒட்டுவதில்லை. ஒட்டினால் ஆற்றல் குறையும், தடைதான் விடவில்லை. அமிலம் அந்தச் சுமையை அழிக்கும், துளிகள் சேர்ந்துவிடும். ராத்திரி மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விட்ட பால் தானே கட்டுவதும் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால். அமோனியா ஊற்றினால் கிருமியும் அடங்கும், சுமையும் காக்கப்படும். லோரி வரும்வரை பால் பாலாகவே இருக்கும்.