ஊசி என்றால் அம்மாவுக்குப் பயம், தோல் என்றால் எனக்கு நடுக்கம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 23. தண்டையார்பேட்டையில் அம்மாவுடன் வசிக்கிறேன். அப்பா இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. பள்ளி நாட்களிலிருந்தே கல்யாண வீடுகளில் மருதாணி போடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் டாட்டூ கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. பெரம்பூர் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு வார விடுமுறை நாட்களில் போய்வருகிறேன். பயிற்சிக்கான செயற்கைச் சிலிக்கான் தோலில் நான் இழுக்கும் கோடு சுத்தமாக இருக்கிறது என்று மாஸ்டரே சொல்கிறார்.

உயிருள்ள தோல் என்றால்தான் பிரச்சினை. என் பெரியம்மா மகன் காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். பெரியம்மா போன வருடம் தவறிவிட்டார். மணிக்கட்டில் சின்னதாக ‘அம்மா’ என்று எழுத வேண்டும், அதை நீதான் எழுத வேண்டும் என்று தீபாவளி முடிந்த கையோடு வந்து நின்றான். எழுத்தின் மாதிரியைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளை ஒட்டினேன். மிஷினைக் கையில் எடுத்ததும் விரல்கள் நடுங்கத் தொடங்கின. கையுறைக்குள் வியர்வை ஊறிவிட்டது. அழிக்க முடியாததை எழுதப் போகிறோமே என்ற ஒரே எண்ணம். வயிற்றுவலி என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். அடுத்த முறையும் அப்படியே ஆனது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அம்மா ஒரு மருத்துவமனையில் தூய்மைப் பணியாளர். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, குப்பையில் கிடந்த ஊசி அவர் விரலில் குத்திவிட்டது. மாத்திரை கொடுத்தார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை தன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருந்தார். நான் டாட்டூ கற்பது தெரிந்ததும், “உன் கையிலும் ஊசியா?” என்று கேட்டார். அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. திருச்சியில் டாட்டூ கடைக்காரர் வாடிக்கையாளர்களின் நாக்கைப் பிளந்து கைதான செய்தியைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். கல்யாணமாகாத பெண் ஆண்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதா, பச்சை குத்துவது ரவுடிகளின் பழக்கமாயிற்றே என்று அக்கம்பக்கத்தார் வேறு தூபம் போடுகிறார்கள். அம்மா படிக்காதவர், பழைய காலத்து ஆள், சொன்னால் புரியாது என்று விட்டுவிட்டேன்.

துணிக்கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வா என்கிறார் மாஸ்டர். மீதிக் கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா என்று யோசிக்கிறேன். கை நடுங்கும் ஒருத்தி இந்தத் தொழிலுக்கு லாயக்கானவள்தானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் இரண்டு மூன்று வரிகளில் கடந்துபோன இடத்தில் நான் நின்றுவிட்டேன். குப்பையில் கிடந்த அந்த ஊசி.

உங்கள் அம்மாவைப் பழைய காலத்து ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, அவற்றோடு எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் ரத்தம் பட்ட ஊசி வழியே பரவக்கூடியவை. டாட்டூ தொழிலில் உண்மையான ஆபத்து எதுவோ, அது அவர் விரலிலேயே குத்தியிருக்கிறது. தட்டிலும் டம்ளரிலும் எச்.ஐ.வி. பரவாது என்பது மருத்துவமனையில் வேலை செய்பவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் தனியாக வைத்தார். உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற தவிப்பு அது. “உன் கையிலும் ஊசியா?” என்று இன்று கேட்பதும் அதே தவிப்புதான். அதை நீங்கள் பத்தாம்பசலித்தனம் என்று எடுத்துக்கொண்டதால்தான் வீட்டில் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

அவருக்குப் புரியவைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசி போன்ற கூரான பொருட்கள் குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்புப் பையில். உங்கள் அம்மா தினமும் செய்கிற வேலை இது. ஒரு நாள் அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போங்கள். மிஷினில் மாட்டும் ஊசிக் கார்ட்ரிட்ஜின் உறையை வாடிக்கையாளர் கண்முன்னே பிரிக்கிறார்களா, ஒருவருக்கு ஊற்றிய மையில் மிஞ்சியதைக் கொட்டிவிடுகிறார்களா, திரும்பப் பயன்படுத்தும் எஃகுப் பிடிகளை ஆட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் கருவியில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைக்கிறார்களா, அல்லது வெந்நீரில் அலசி எடுப்பதோடு சரியா? அவர் பார்க்கட்டும், குறை சொல்லட்டும். அந்தக் குறையை மாஸ்டரிடம் நீங்களே கேளுங்கள். பதில் சொல்லாமல் முகம் சுளிக்கிறார் என்றால் அந்த இடத்தில் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

திருச்சிச் செய்தியைப் பற்றியும் அம்மாவிடம் பேசுங்கள். 2024 டிசம்பரில் நடந்தது அது. அங்கே செய்தது நாக்கை வெட்டிப் பிளக்கும் வேலை. மருத்துவம் படிக்காதவர் கத்தியைத் தொட்டதால் வந்த கைது. மாநகராட்சி கடைக்குச் சீலும் வைத்தது. வெட்டும் வேலை எதுவானாலும் என் கை அதைத் தொடாது என்று நீங்கள் அம்மாவுக்கு வாக்குக் கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும்.

இனி உங்கள் நடுக்கம். எல்லோருடைய கையிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கம் உண்டு. பயம் வந்தால் உடலில் அட்ரினலின் கூடி, அது வெளியே தெரிகிறது. மிஷினைத் தொடாத நேரத்திலும் கை நடுங்கினால், காரணமில்லாமல் உடல் மெலிந்தால், தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்படி இல்லை என்றால் உங்கள் கையில் கோளாறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருப்பது. அதற்குக் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மை தங்கினால்தான் நிலைக்கும். இன்னும் ஆழமாகப் போனால் கோடு கலங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்டு ஒருத்தி முதல் தடவை தயங்குவதில் என்ன தப்பு? துளிகூடத் தயங்காமல் குத்துபவரிடம் கையை நீட்டத்தான் நான் யோசிப்பேன்.

ஆனால் மேஜைமேல் கிடக்கும் சிலிக்கானிலிருந்து நேராக ஒருவர் மணிக்கட்டுக்குத் தாவியிருக்கிறீர்கள். இடையில் படிகள் வேண்டும். தடிமனான சிலிக்கான் தாளை ஒருவர் முன்கையில் சுற்றி, அவர் பேசும்போதும் மூச்சு விடும்போதும் கை அசையும்போதும் அதன்மேல் கோடு இழுத்துப் பழகுங்கள். அது சலித்துப்போகும் அளவுக்கு வந்த பிறகு, மாஸ்டர் பக்கத்தில் இருக்க, ஓர் இலை அல்லது எளிய பூ. முழங்கையை ஏதாவது ஒன்றில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டபடி கோட்டை இழுங்கள். வெறும் வயிற்றில் உட்காராதீர்கள், அன்றைக்கு டீயைக் குறையுங்கள். மருதாணிக் கூம்பும் முதல் நாளே உங்கள் பேச்சைக் கேட்டிருக்காது.

தம்பியின் ‘அம்மா’ முதல் டாட்டூவாக வேண்டாம். ‘அ’வின் சுழியும் ‘ம்’மின் வளைவும் பொடியாக எழுதினால், வருடங்கள் போகப் போக மை பரவி அடைத்துக்கொள்ளும். தேர்ந்த கைக்கே சவாலான வேலை அது. அதைவிட முக்கியம், அவர் உங்களுக்கும் பெரியம்மா. அவர் போன துக்கம் உங்களுக்கும் ஆறவில்லை என்றே நினைக்கிறேன். துக்கத்தையும் முதல் தோலையும் ஒரே நாளில் அந்த விரல்கள் சுமக்க வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு நான் அதிகம் மெனக்கெட மாட்டேன். அந்த வீடுகளிலேயே வயதான பாட்டிகள் இருந்தால் முன்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோலமும் புள்ளியுமாகப் பச்சை இருக்கலாம். நம் ஊர்களில் அதைக் குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் இனப் பெண்கள். வீடு வீடாக வந்து, விளக்குக் கரியில் மை கூட்டிக் குத்தினார்கள்.

துணிக்கடை வேலையை இப்போது விடாதீர்கள். வட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள். கடன் ஏறிவிட்டால் வருகிற யாரையும் திருப்பி அனுப்பும் தைரியம் போய்விடும். இந்தத் தொழிலில் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும். 18 வயது நிறையாதவர், குடித்துவிட்டு வருபவர், நேற்றுக் காதல் முறிந்து இன்று கழுத்தைக் காட்டுபவர். நம் பகுதியில் ராணுவத்துக்கும் மத்திய ஆயுதப்படைகளுக்கும் ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் நிறைய. அங்கே பச்சை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் அவர்கள்மேல் மிஷினை வைக்காதீர்கள். மருதாணி வருமானத்தை ஒதுக்கிவைத்து, கட்டணத்தைத் தவணையில் கட்டக் கேளுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் டோஸை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. எங்கே போடுவார்கள் என்று அம்மாவிடமே கேளுங்கள். தம்பியிடம் வயிற்றுவலிக் கதை வேண்டாம், இன்னும் பழக வேண்டியிருக்கிறது என்ற உண்மையைச் சொல்லுங்கள். புதிய டாட்டூ என்பது ஆறாத புண். ஆறும்வரை கடல்தண்ணீர் படக் கூடாது. தினமும் உப்புநீரில் கை வைப்பவருக்கு இப்போது போட்டாலும் சரியாக ஆறாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும் அந்த நாட்களில் போடலாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.