எண்பதுகளின் லீட் சவுண்டு: பழைய டிஎக்ஸ்7 வாங்கலாமா?

கேள்வி: கோயில் கொயரில் கீபோர்டு வாசிக்கிறேன். எண்பதுகளின் பாட்டுகளில் இடையிசையில் வழுக்கிக்கொண்டு வருமே, அந்த சிந்தசைசர் லீட் சவுண்டு எனக்கு வேண்டும். என் கீபோர்டில் அது சரியாக வரவில்லை. நாகர்கோவிலில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த யமஹா டிஎக்ஸ்7 வைத்திருக்கிறார். 55 ஆயிரம் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வேண்டாம். நீங்கள் கேட்கும் ஒலிக்கு அது சரியான கருவியே இல்லை. 1983-இல் வந்த டிஎக்ஸ்7 எஃப்எம் முறையில், அதாவது ஒரு அலையால் இன்னொரு அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் முறையில் இயங்குவது. எலெக்ட்ரிக் பியானோ, மணியோசை, கணீரென்ற பேஸ் இவற்றில் அதற்கு ஈடு இல்லை. தடித்து வழுக்கும் லீட் பெரும்பாலும் மின்சுற்றிலேயே ஒலியை உண்டாக்கும் அனலாக் சிந்தசைசர்களின் குணம்.

அந்த ஒலியை இன்று காசில்லாமலே செய்யலாம். உங்கள் கீபோர்டின் பின்னால் 'யூஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று எழுதிய துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லேப்டாப்பில் இணைத்து, 'சர்ஜ் எக்ஸ்டி' என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதில் இரண்டு ஆஸிலேட்டரில் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) சா-டூத் என்ற ரம்பப்பல் வடிவ அலையை வைத்து, ஒன்றை மட்டும் 7 சென்ட் ஏற்றுங்கள் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). இரண்டும் லேசாக உரசும்போதுதான் அந்தத் தடிப்பு வரும். பிறகு மோனோ மோடு (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), கொஞ்சம் போர்ட்டமெண்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது). கூர்மையான மேல் ஒலிகளைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டரைப் பாதிக்கு மூடி, சுரம் தொடங்கும்போது மட்டும் திறந்து அடங்கும்படி என்வலப் கொடுங்கள். கடைசியாக கோரஸ் (ஒலியை விரித்துக் காட்டுவது), மெல்லிய டிலே (எதிரொலி). அதிர்வு (வைப்ரேட்டோ) சுரத்தின் தொடக்கத்திலேயே வரக்கூடாது, நீட்டும்போது வரவேண்டும். பாதி அழகு அதில்தான் இருக்கிறது. மீதி, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் இருக்கும் உங்கள் விரலில்.

கட்டையை அழுத்திய பின் ஒலி தாமதித்து வந்தால் விண்டோஸில் 'ஏசியோ4ஆல்' என்ற டிரைவர் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இலவசம். அதிலும் சரியாகாவிட்டால் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியைக் கையாளும் தனிப் பெட்டி) வாங்குங்கள், அது வீண்செலவு ஆகாது. டிஎக்ஸ்7-இன் ஒலிதான் வேண்டுமென்றாலும் 'டெக்ஸ்ட்' (Dexed) என்ற இலவச மென்பொருள் அதன் பழைய ஒலிக்கோப்புகளையே படிக்கும்.

பழைய கருவி மீது ஆசை விடவில்லையா? சரி, நேரில் போய்ப் பாருங்கள். ஜப்பான் நாட்டுக்கென்று செய்தது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும். பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். 61 கட்டையையும் மெதுவாகவும் அழுத்தியும் அடித்துப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றுக்குக் கட்டைகளின் தொடுமுனையும் ஜாக்குகளும் சீக்கிரம் கெடும். உள்ளே நினைவகத்துக்கான பேட்டரி தீர்ந்திருந்தால், சேமித்த ஒலிகள் எல்லாம் அழிந்திருக்கும்.

முன்பணம் மட்டும் அனுப்பாதீர்கள். தனியாளிடம் பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்குப் பிறகு நியாயம் கேட்பது கடினம். கடையில் பில்லோடு வாங்கியதில் குறை வந்து கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.